சிஞோராவின் தண்ணீர் ஜக்

போன கிழமை துஷா தொலைபேசியில் அழைத்தபோது நான் பிள்ளையைத் தோளில் போட்டு, ஏவறை வருவதற்காக முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, அந்த ஜக்கிலை இருக்கிற தண்ணி ஒரு மாதிரிப் பிளாஸ்ரிக் மணக்குது. சிஞோரா வாயிலையே வைக்கிறா இல்லை. நான் என்ன பிழை விட்டனான்?”

துஷா, நான் முன்பு வேலை செய்த வீட்டில் இப்போது வேலை செய்பவள். நாட்டிலிருந்து இத்தாலிக்கு, இந்தப் பலேர்மோவுக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. சிஞோரா என்று அவள் சொன்னது அந்த வீட்டுக்கார அம்மா அகதாவை. எண்பது வயதைத் தாண்டியவர். தனியாக இருப்பவர்.

“ஜக்குக்குள்ளை என்ன தண்ணி ஊத்துறனி?”

“பைப் தண்ணிதான் அக்கா. நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் ஊத்துறன்.”

“ஆற விட்டோ?”

“இல்லை, சுடச்சுட. சூடாய் இருந்தால் கெதியா வடியும் எண்டு நினைச்சன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை திடுக்கிட்டு என் சட்டையில் பாலைக் கக்கினாள். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தப் பிழையை விடமாட்டார்கள். தண்ணீர் என்றால் முதலில் கேத்திலில் கொதிக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. ஃபில்டர் ஜக்கில் முறை தலைகீழ். பச்சைத் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கொதிநீர் பட்டால் உள்ளே இருக்கும் ஃபில்டர் பழுதாகிவிடும். கொதிக்க வைப்பதானால் வடிந்த தண்ணீரை எடுத்துக் கொதிக்க வைக்கலாம்.

துஷா அந்த ஃபில்டரை எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டாள். இரண்டு நாளில் மறுபடியும் அழைத்தாள். மணம் போய்விட்டது. ஆனால் சிஞோரா இன்னும் குடிக்கவில்லை. கிளாஸைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார், நன்றி சொல்கிறார், அதோடு சரி.

“உதடு காய்ஞ்சு போய் இருக்கு அக்கா. வெயிலும் தொடங்கீட்டுது. எனக்குப் பயமாக் கிடக்கு.”

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. போன கோடையில் இதே காரணத்துக்காக அவரை அம்புலன்ஸில் ஏற்றியவள் நான்.

நான் முப்பத்திரண்டு வயதில் வேலையிலிருந்து ஓய்வெடுத்தவள். அதை ஓய்வு என்று சொல்லலாமா என்று எனக்கே தெரியாது. பிள்ளை பிறந்தபின் வேலை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. என்றாலும் வீட்டு வேலைக்குப் புதிதாகப் போகும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். உடுப்பு அயன் பண்ணுவது எப்படி, பளிங்குத் தரைக்கு எதைப் போடக் கூடாது என்றெல்லாம். அவற்றுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். துஷா கேட்டதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் உயர்தர மாணவர்களுக்கு ரியூசனில் இரசாயனம் படிப்பித்தவள். வன்னீர், மென்னீர் என்று கரும்பலகையில் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதிய கை இது. கலியாணம் முடித்து இங்கே வந்தபின் அந்தக் கை ஒரேத்தோ தெருவில் மாடிப்படிகள் கழுவியது, துறைமுகத்துப் பக்கம் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் மாற்றியது, வக்கீல் குடும்பமொன்றில் சேட்டுகளை அயன் பண்ணியது. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இத்தாலியன் கற்றுக்கொண்டேன், முழங்கால் வலியும் வந்தது. அதற்குப் பிறகுதான் சிஞோரா அகதாவின் வீடு.

அந்த வீடு கபோ சந்தையின் பின்புறத்துத் தெருவொன்றில் நாலாம் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. சிஞோரா தன் வேலைக்காலம் முழுவதும் துறைமுகத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். நாப்போலிக்குப் போகும் கப்பல், ஜெனோவாவுக்குப் போகும் கப்பல், எந்தக் கப்பல் எந்த மேடையில், எது தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்த குரல் அது. ஓய்வு பெற்ற பிறகும் குரல் ஓய்வு பெறவில்லை. நான் தரை கழுவத் தொடங்கினால் வரவேற்பறையிலிருந்து அறிவிப்பு வரும்.

“கவனிக்கவும். குசினித் தரை ஈரமாக உள்ளது. பயணிகள் உள்ளே வர வேண்டாம்.”

வீட்டில் அவரையும் என்னையும் தவிர வேறு யாரும் இல்லை. முதல் மாதம் இதைக் கேட்டு நான் நடுங்கினேன். பிறகுதான் அது அவருடைய பகிடி என்று விளங்கியது. கோபம் வந்தால் அவர் அறிவிப்பதில்லை. சின்னக் குரலில், மெதுவாகக் கதைப்பார். அவர் இத்தாலியனில் சொன்னவற்றை நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். என் மனதில் அவை அப்படித்தான் பதிந்திருக்கின்றன.

எல்லாவற்றிலும் ஒழுங்கு பார்ப்பவர். துவாய்களை மூன்றாக மடிக்க வேண்டும், நாலாக மடித்தால் திருப்பித் தருவார். ஆனால் ஒருநாளும் குரலை உயர்த்தித் திட்டியதில்லை. தெரியாத ஒன்றைத் தெரியாது என்று நான் சொன்னால் சந்தோசப்படுவார். “தெரியாமல் தெரியும் எண்டு சொன்ன ஆக்களாலைதான் சனம் பிழையான கப்பலிலை ஏறினது” என்பார்.

நான் அவருக்கு முன்னால் கதிரையில் இருந்ததில்லை. இருக்கக் கூடாது என்று அவர் சொன்னதில்லை. எனக்குத்தான் அப்படி வராது. வயதில் மூத்தவர், வேலை தருபவர், அவருக்கு முன்னால் எப்படி இருப்பது? குடிக்க என் வீட்டிலிருந்து போத்தல் கொண்டு போவேன், குசினி பல்கனியில் நின்று குடிப்பேன். தொடக்கத்தில் ஒருமுறை அவர் எனக்கென்று ஒரு கண்ணாடிக் கிளாஸை எடுத்து மேசையில் வைத்தார். “வேண்டாம் சிஞோரா, என்னட்டை இருக்கு” என்றேன். அவர் அதை எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டார். மரியாதையாக நடந்துகொண்டேன் என்று நினைத்தேன்.

இனித் தண்ணீர்.

பலேர்மோவில் குழாய்த் தண்ணீர் வன்னீர். மழை பொய்த்த வருடங்களில் முறை வைத்து விடுவார்கள், அதுவரை மொட்டைமாடித் தாங்கியில் நிற்கும் தண்ணீர்தான் வரும். குழாய் வாயில் வெள்ளைப் படிவு கட்டும். கோப்பிக் கேத்திலின் அடியில் சுண்ணாம்பு பொருக்காக நிற்கும். சில நாள் குளோரின் மணம் மூக்கில் அடிக்கும். குடித்தால் வயிற்றுக்கு வருத்தம் வராது, ஆனால் வாய்க்குப் பிடிக்காது.

“இது தண்ணி இல்லை. நீச்சல் குளத்துக்கை தவறி விழுந்து வாயைத் திறந்த மாதிரி” என்பார் சிஞோரா. அவர் குடிப்பது போத்தல் தண்ணீர் மட்டும். கோப்பிக்கும் அதுதான். ஆறு போத்தல்கள் பிளாஸ்ரிக்கில் சுற்றிய கட்டு. கபோவில் இருக்கும் கடைக்காரர் அதைக் கீழ்வாசல் வரை கொண்டுவந்து வைத்துவிட்டு மேலே பார்த்துக் கத்துவார்: “நாலாம் மாடிக்குத் தேவதையள்தான் பறந்து கொண்டு போகவேணும், நான் பாவி.” அந்தத் தேவதை நான். கட்டை இடுப்பில் வைத்து, ஒவ்வொரு மாடியிலும் கை மாற்றி ஏற்றுவேன். வருடக்கணக்காக அப்படித்தான்.

பிறகு நான் கர்ப்பமானேன்.

அதற்கு முன்னர் ஒன்று தங்காமல் போயிருந்தது. மூன்றாம் மாதம் நிறைவதற்கு முதலே போய்விட்டது. அதனால் இந்த முறை என் கணவர் குகனைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழியும்வரை வெளியே சொல்வதில்லை என்பது எங்கள் வழக்கம். முன்பு அதைப் பெரிதாக எடுக்காதவள், இப்போது இறுகப் பிடித்துக்கொண்டேன். அத்தோடு என் பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்குவதற்கான அனுமதியை, புதுப்பிக்கும் காலம். வேலை ஒப்பந்தம் கையில் இருந்தால்தான் கெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் அதற்கு வழி. கர்ப்பம் என்றதும் வேலையால் நிற்பாட்டப்பட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

“சொல்லிவிடும் சுபா. அந்த மனிசி உம்மைத் தின்னவோ போறா?” என்றார் குகன்.

“மூண்டு மாதம் போகட்டும்.”

“பாரம் தூக்கக் கூடாது எண்டு டொக்டர் சொன்னவர். தண்ணிக் கட்டை என்ன செய்யப் போறீர்?”

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். பழைய பலேர்மோ வீடுகளில் பல்கனியிலிருந்து கயிற்றில் ஒரு கூடை தொங்கும். பனாரோ என்பார்கள். பாண், மரக்கறி, பேப்பர் எல்லாம் அதில் ஏறும். நான் கீழே நின்று கட்டைப் பிரித்து ஒரு போத்தலைக் கூடையில் வைப்பேன். பிறகு வெறுங்கையோடு மேலே ஏறிப் போய்க் கயிற்றை இழுப்பேன். மறுபடி இறங்குவேன். போத்தல் ஒன்றுக்கு ஒரு முறை. பாரம் குறைந்தது, படி ஏறுவது கூடியது. அது நல்லதா கெட்டதா என்று இரவில் யோசித்துக்கொண்டு படுத்திருப்பேன். டொக்டரிடம் பாரத்தைப் பற்றிக் கேட்டேனே, படியைப் பற்றிக் கேட்டேனா?

சிஞோரா ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் ஒரு பார்சல் வந்தது. உள்ளே மூடி போட்ட ஒரு பிளாஸ்ரிக் ஜக், கூடவே வெள்ளை உருளைகளாகச் சில ஃபில்டர்கள். ஜெனோவாவில் இருக்கும் மகனுக்குச் சொல்லி அனுப்பச் செய்திருக்கிறார்.

“கவனிக்கவும். இன்று முதல் இந்த வீட்டுக்குப் போத்தல் தண்ணீர் வராது. பிளாஸ்ரிக் கடலைக் கெடுக்கிறது.”

எனக்கு ஆச்சரியம். அதுவரை வெறும் போத்தல்களைக் குப்பையில் தனியாகப் பிரித்துப் போடக்கூட மாட்டார், நான்தான் போடுவேன். அடுத்த நிமிடமே பயம். ஒவ்வொரு போத்தலாக இழுப்பதைப் பார்த்து, சோம்பேறி என்று நினைத்துவிட்டாரோ? அடுத்ததாக என் வேலையைக் குறைக்கப் போகிறாரோ?

பயத்தில் அந்த ஜக்கை மற்ற எல்லா வேலையையும் விடக் கவனமாகச் செய்தேன். கூட வந்த துண்டுப் பத்திரத்தை வாசித்தேன், சரியாக விளங்கினதா என்று மறுபடியும் வாசித்தேன். இன்றைக்கும் கேட்பவர்களுக்கு அப்படியே சொல்வேன். புது ஃபில்டரை முதலில் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி மெதுவாக ஆட்ட வேண்டும், உள்ளே இருக்கும் காற்று குமிழி குமிழியாக வெளியே வரும். பிறகு ஜக்கில் இறுக்கி வைக்க வேண்டும். இறுக்கம் போதாவிட்டால் தண்ணீர் பக்கத்தால் நழுவி வடியாமலே கீழே போய்விடும், பார்க்க ஒன்றும் தெரியாது. முதல் இரண்டு ஜக் தண்ணீர் குடிக்க அல்ல, பூங்கன்றுக்கு. அதில் கரித்தூள் கறுப்பாக மிதந்தால் பயப்பட வேண்டாம். நான் பயந்தேன். ஜக்கை வெயில் படுகிற இடத்தில் வைக்கக் கூடாது, பாசி பிடிக்கும். ஃபிரிஜ்ஜில் வைத்து, அன்றைய தண்ணீரை அன்றே முடிக்க வேண்டும். காரணம், குளோரினை எடுத்துவிட்டால் தண்ணீரைக் காக்கிற சாமானும் போய்விடுகிறது. ஃபில்டரை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். நன்றாக ஓடுகிறதே என்று விட்டால், வடிகட்டுவதே அழுக்காகிவிடும்.

இன்னொன்று. அந்த ஜக் கிருமியைக் கொல்லாது. மணத்தை எடுக்கும், சுண்ணாம்பைக் கொஞ்சம் எடுக்கும், அவ்வளவுதான். அதன் வேலை நல்ல தண்ணீரைக் குடிக்கக்கூடிய தண்ணீராக மாற்றுவது. கோப்பிக் கேத்திலில் படிவு குறைந்தது, எனக்கு அது பிடித்திருந்தது. சிஞோராவுக்கு முதல் கிளாஸைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, கப்பல் தாமதம் என்று சொல்லும் முகத்தோடு சொன்னார்:

“நல்லாயிருக்கு.”

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஜக் முடிந்தது. காலையில் நிரப்புவேன், நான் வெளிக்கிடும்போது வெறுமையாக இருக்கும். நன்றாகக் குடிக்கிறார் என்று நிம்மதிப்பட்டேன். பல்கனியில் இருந்த துளசி மாதிரியான அவர்களுடைய பசிலிக்கோச் செடி மட்டும் மஞ்சளடித்துக்கொண்டு வந்தது. “சிறோக்கோ” என்றார் சிஞோரா. ஆபிரிக்கப் பக்கமிருந்து வீசும் அந்த வெக்கைக் காற்றில் செடி வாடுவது புதினமில்லை.

ஒருநாள் காலையில் நான் கதவைத் திறந்தபோது யன்னல்கள் எல்லாம் பூட்டியிருந்தன. சிஞோரா உடுப்பு மாற்றாமல் கட்டிலில் படுத்திருந்தார். கூப்பிட்டேன். என்னைப் பார்த்தார், ஆனால் நான் யார் என்று தெரியாத பார்வை.

“நாப்போலிக்குச் செல்லும் பயணிகள்” என்றார். “நாப்போலிக்குச் செல்லும் பயணிகள் மேடைக்கு…”

எந்த மேடை என்று சொல்லாமல் நிறுத்திவிட்டார். அது பகிடி இல்லை என்று எனக்கு உடனே தெரிந்தது. உதடு தோல் உரிந்து வெடித்திருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன், கிள்ளிய இடம் அப்படியே கூடாரம் போல் நின்றது. அம்புலன்ஸுக்கு அழைத்தேன். இலக்கத்தை அழுத்தும்போது இத்தாலியன் எல்லாம் மறந்து போனது. முகவரியைத் தமிழில் சொல்லத் தொடங்கி, திருத்தி, மறுபடி சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். இளம் டொக்டர் ஒருவர் என்னிடம் கேட்டார்.

“ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறவ?”

“ஒரு ஜக். முழுதும். நான்தான் நிரப்புறனான்.”

“இவ குடிக்கேல்லை. எத்தினையோ நாளாக் குடிக்கேல்லை.” அவர் கோபப்படவில்லை. “வயசு போனால் தாகம் தெரியாது. கேட்டுக் கேட்டுத்தான் குடுக்க வேணும். இன்னொருக்கால் இப்பிடி வந்தால் சிறுநீரகம் தாங்காது.”

அன்று பின்னேரம் உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தபோது பல்கனிக்குப் போனேன். பசிலிக்கோச் சாடியைத் தூக்கப் பார்த்தேன். என்னால் தூக்க முடியாத பாரம். மண் சேறாக இருந்தது. விரலை விட்டபோது அழுகிய வேர் மணத்தது. அந்தச் செடி காய்ந்து மஞ்சளடிக்கவில்லை. நான் வடித்து வடித்து வைத்த அவ்வளவு தண்ணீரையும் குடித்து மஞ்சளடித்திருந்தது.

சாடிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். கோபமா பயமா என்று பிரிக்க முடியவில்லை.

சிஞோரா வீடு திரும்பியபோது குகன் வேலைக்குப் போகும் வழியில் இரண்டு கட்டுப் போத்தல் தண்ணீரைத் தோளில் சுமந்து மேலே கொண்டுவந்து வைத்தார். சிஞோரா அவற்றைப் பார்த்தார். குகன் போன பிறகு மெதுவான குரலில், கோபக் குரலில் கேட்டார்.

“இதை ஆர் கொண்டு வரச் சொன்னது?”

“உங்களுக்கு ஜக் தண்ணி பிடிக்கேல்லை எண்டு சொல்லியிருக்கலாமே சிஞோரா. செடிக்கு ஏன் ஊத்தினீங்கள்?”

“சொன்னால் நீ திரும்பவும் கயிறு இழுப்பாய்.”

நான் குனிந்து ஒரு கட்டைப் பிரிக்கத் தொடங்க, அவர் தொடர்ந்தார்.

“இத்தினை வருசமாக் கட்டை இடுப்பிலை வைச்சுக்கொண்டு ஏறின பொம்பிளை, திடீரெண்டு மீன் பிடிக்கிற மாதிரி ஒவ்வொரு போத்தலா இழுக்கிறாள். பிறகு காலமை கோப்பி மணத்துக்கு மூக்கைப் பொத்துறாள். எனக்குக் கண் தெரியாது எண்டு நினைச்சியோ? துறைமுகத்திலை தூரத்திலை வாற கப்பலிலை எத்தினை பேர் இருக்கினம் எண்டு பார்த்துச் சொன்ன ஆள் நான்.”

“பின்னை ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?”

“நீ சொல்லேல்லை. சொல்லாத ஒண்டைக் கேக்கிறது மரியாதை இல்லை.” என் வயிற்றைப் பார்த்து, “எத்தினையாம் மாதம்?” என்றார்.

சொன்னேன். மூன்று முடிய இன்னும் சில நாள் இருந்தது. நான் அதைச் சொல்லும்போது கை தானாக வயிற்றுக்குப் போனது. அவர் ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. “கெஸ்தூராவுக்குத் தேவையான பேப்பர் எல்லாத்திலையும் கையெழுத்து வைச்சுத் தாறன், பயப்பிடாதை” என்று மட்டும் சொன்னார்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். இல்லை. அவருக்குப் பிடித்த போத்தல் தண்ணீர் இப்போது வீட்டில் இருந்தது. அதையும் குடிக்கவில்லை. நான் தட்டில் கிளாஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். இரண்டு வாய் குடிப்பார், கிளாஸைத் தள்ளி வைப்பார். கெஞ்சினேன். மகன் தொலைபேசியில் கெஞ்சினார். ஆஸ்பத்திரியை நினைவுபடுத்தினேன். “ஓம், ஓம்” என்பார். கிளாஸ் அப்படியே வியர்த்துக்கொண்டு நிற்கும். டொக்டரின் சொல் என் காதில் நின்றது. இன்னொருமுறை தாங்காது.

அந்த நாட்களில் எனக்கு மசக்கை மோசமாக இருந்தது. ஒரு மத்தியானம் குசினியில் தலை சுற்றியது. ஜக்கில் வடிந்த தண்ணீரை எடுத்து, எங்கள் வீட்டில் செய்வதுபோல் கொஞ்சம் பெருஞ்சீரகம் போட்டுக் கொதிக்க வைத்தேன். அதைக்கூட முந்தின கிழமை மருத்துவத் தாதியிடம் கேட்டு, கறிக்குப் போடுகிற அளவு பரவாயில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் குடிக்கத் தொடங்கியிருந்தேன். ஆறவைத்து என் போத்தலில் ஊற்றப் போனேன். கால் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த கதிரையில் இருந்துவிட்டேன். கைக்கு எட்டியது அவருடைய கண்ணாடிக் கிளாஸ்தான். அதிலேயே ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

சிஞோரா வாசலில் வந்து நின்றார். நான் எழும்பப் போனேன்.

“இரு” என்றார். பிறகு மூக்கைத் தூக்கி மோந்தார். “என்ன மணம் இது? ஸம்மூவோ?”

ஸம்மூ என்பது சோம்பு மணமுள்ள ஒரு சாரம். பலேர்மோ ஆட்கள் கோடையில் குளிர்ந்த தண்ணீரில் அதைச் சில துளி விட்டுக் குடிப்பார்கள். தண்ணீர் பால்போல் கலங்கும். சந்தைப் பக்கம் அதைத் தண்ணீரோடு விற்பார்கள்.

“இல்லை சிஞோரா. இது எங்கடை பெருஞ்சீரகம்.”

அவர் எதிர்க் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். “துறைமுகத்திலை வேலை முடிய எல்லாரும் சேர்ந்து நிண்டு குடிப்பம். ரிக்கெற் குடுக்கிற பெட்டையள், சுமை தூக்கிற ஆக்கள், எல்லாரும். எனக்கும் கொஞ்சம் ஊத்து.”

ஊற்றினேன். குடித்தார். நான் நிறுத்தியபோது அவரும் நிறுத்தினார். நான் குடித்தபோது அவரும் குடித்தார். கிளாஸ் காலியாகும்வரை அப்படியே. கெஞ்சுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அது பெருஞ்சீரகத்தின் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நாள் அதையே தட்டில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். இரண்டு வாய், தள்ளி வைத்துவிட்டார். “உன்ரை எங்கை?” என்றார். குசினிக்குப் போய் என்னுடையதையும் எடுத்துக்கொண்டு வந்து முன்னால் இருந்தேன். குடித்தார். பிறகு வெறும் ஜக் தண்ணீருக்கும் அப்படித்தான், போத்தல் தண்ணீருக்கும் அப்படித்தான். அவருக்கு இந்தத் தண்ணீர் பிடிக்கும், அந்தத் தண்ணீர் பிடிக்காது என்பதெல்லாம் உண்மை. ஆனால் வருடக்கணக்காக அவர் ஒவ்வொரு கிளாஸையும் ஒருவர் நின்று பார்க்கத் தனியாகக் குடித்திருக்கிறார். தாகமும் இல்லாமல் துணையும் இல்லாமல் எத்தனை நாளைக்கு ஒருவர் குடிப்பார்?

“நீ குடி, நான் குடிப்பன்” என்பது எங்கள் ஒப்பந்தமாயிற்று. போத்தல் கட்டுகள் வருவது நின்றது. ஜக் வீட்டில் நிலைத்தது. முன்பு எனக்கென்று எடுத்து, திரும்பவும் அலுமாரிக்குப் போன அந்தக் கிளாஸ் வெளியே வந்தது. நான் குடிக்க மறந்தால் வரவேற்பறையிலிருந்து அறிவிப்பு வரும்: “கர்ப்பிணிப் பயணிகள் உடனடியாகக் குசினிக்கு வரவும்.” நானும் அந்தக் கோடையைத் தாண்டினேன், அவரும் தாண்டினார். புதுச் சாடியில் வைத்த பசிலிக்கோவும் தாண்டியது.

மழைக்காலத்தில் மகள் பிறந்தாள். வேலையை விட்டேன். துஷாவுக்கு வீட்டைக் காட்டிக் கொடுத்தபோது துவாயை மூன்றாக மடிக்கச் சொன்னேன், ஃபில்டரை மாதம் ஒருமுறை மாற்றச் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விசயம் என்று அது எனக்குத் தோன்றவில்லை.

இப்போது என் குசினியிலும் ஒரு ஜக் இருக்கிறது. பிள்ளைக்குப் புட்டிப்பால் கரைக்கும் தண்ணீரை என்ன செய்வது என்று பிள்ளை டொக்டரிடம் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர், கொதிக்க வையுங்கள், ஜக்கை நம்பி விடாதீர்கள் என்கிறார். தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். கேத்தில் கொதித்து நின்ற பிறகும், நன்றாகக் கொதித்ததா என்று மறுபடி போடுகிறேன். “கேத்தில் பாவம்” என்கிறார் குகன்.

மத்தியானம் சிஞோரா அழைப்பார். “பால் குடுக்கிற தாய், தண்ணி குடிச்சியோ?” என்பார். “நீங்கள்?” என்பேன். “நான் அப்பவே குடிச்சிட்டன்” என்பார். நான் நம்பினேன். பசிலிக்கோவுக்கு ஊற்றிய ஆள் என்று தெரிந்தும் நம்பினேன்.

துஷா இரண்டாம் முறை அழைத்தபோது கேட்டேன்.

“சிஞோரா குடிக்கேக்கை நீ எங்கை நிக்கிறனி?”

“பக்கத்திலைதான் அக்கா. தட்டோடை.”

“நீ குடிக்கிறேல்லையோ?”

“நான் வீட்டிலையிருந்து போத்தில் கொண்டு போறனான். பல்கனியிலை நிண்டு குடிக்கிறது.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பல்கனி எனக்கு முன்னால் வந்தது.

“அலுமாரியிலை மேல் தட்டிலை ஒரு கண்ணாடிக் கிளாஸ் இருக்கும். அதை எடு. உனக்கும் ஊத்து. முன்னாலை கதிரையைப் போட்டு இருந்து குடி.”

“ஐயோ அக்கா. சிஞோராவுக்கு முன்னாலை கதிரையிலை இருக்கிறதோ? என்னாலை ஏலாது.”

“அப்ப நீ என்ன ஃபில்டர் மாத்தினாலும் அவா குடிக்க மாட்டா.”

அடுத்த நாள் மத்தியானம் வழக்கமான நேரத்துக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வெக்கை. நான் போய்ப் பார்த்திருக்க வேண்டுமோ? துஷாவிடம் கடுமையாகக் கதைத்துவிட்டேனோ? அந்தக் கிளாஸை அவளுக்குக் கொடுக்கச் சொன்னது சரிதான், பிறகு ஏன் எனக்கு அது பிடிக்கவில்லை?

அடித்தது. எடுத்தேன். ஒருவரும் கதைக்கவில்லை. தொலைபேசியை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள் போல. கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கிளாஸ் மேசையில் வைக்கும் சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு கிளாஸ்.

“கேட்டியோ?” என்றார் சிஞோரா. “கதிரை நுனியிலை, பஸ்ஸுக்கு நிக்கிற ஆள் மாதிரி இருந்து குடிச்சவள். நான் பாவம் பார்த்து முழுதும் குடிச்சன்.”

பின்னால் துஷா சிரிப்பது கேட்டது.

“இப்ப நீ.”

பிள்ளையை ஒரு கையில் அணைத்தபடி மற்றக் கையால் ஜக்கிலிருந்து ஊற்றினேன். குடித்தேன்.

“சத்தம் கேக்கேல்லை” என்றார் சிஞோரா.

தொலைபேசியைத் தொண்டைக்குப் பக்கத்தில் வைத்து, அவருக்குக் கேட்கும்படி மறுபடியும் ஒரு வாய் விழுங்கினேன்.